சாக்கு விரித்தால் பொறுப்பு தீருமா?

காவேரிப்பட்டணம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

கட்டடம் வாடகை. சில வருஷத்துக்கு முன் வங்கியில் கடன் வாங்கி, வருகிறவர்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளும்படி ரேக் போட்டு, தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். கடந்த மே மாதம் ஒரு மாலை, அடுக்கி வைத்திருந்த கடலை எண்ணெய் டின் ஒன்று அடியில் ஓட்டை விழுந்து ஒழுகியிருக்கிறது. கடைப் பையன் அதைப் பார்த்து, எண்ணெய் மேல் ஒரு கோணிச் சாக்கை விரித்துவிட்டு, எடை போடப் போய்விட்டான். முக்கால் மணி நேரம் கழித்து மருமகளோடு வந்த 56 வயது அம்மா ஒருவர் அந்தச் சாக்கில் கால் வைத்தார். சாக்கு அப்படியே சறுக்கியது. தொடை எலும்பு முறிவு. முதலில் அரசு மருத்துவமனை, அப்புறம் கிருஷ்ணகிரியில் தனியார் மருத்துவமனையில் தகடு வைத்து ஆபரேஷன். மொத்தம் 1,60,000 ரூபாய் செலவானதாகச் சொல்கிறார்கள். அதில் 25,000 ரூபாயைக் கடைக்காரர் அன்றிரவே கட்டியிருக்கிறார்.

அந்த அம்மா மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலைக்கும், மற்ற மாதங்களில் களையெடுப்புக்கும் போகிறவர். இப்போது படுக்கையில். மகன் 6 லட்சம் கேட்கிறார், தராவிட்டால் போலீஸ் என்கிறார். இதற்கு நடுவில் ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் நுழைந்து, "4 லட்சத்தில் முடித்துத் தருகிறேன், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போடு" என்கிறார். கேமரா பதிவை அழித்துவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். கடைக்காரர் தன் பக்கத்து நியாயமாக நான்கு விஷயம் எழுதியிருக்கிறார்: சாக்கு போட்டு எச்சரிக்கையாகத்தான் இருந்தோம், அந்த அம்மா எதையும் வாங்கவில்லை (வாங்க வந்தது மருமகள்), "விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டியிருக்கிறது, தப்பு பையனுடையது.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கைது பற்றிய பயத்தை முதலில் ஓரமாக வையுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் நீங்கள் தைரியமாகச் சொல்லும் அந்த நான்கு விஷயங்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். அவற்றில் ஒன்றுகூட உங்களைக் காப்பாற்றாது. முதலாவது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

சாக்கு என்ன சொல்கிறது?

கடைக்குள் ஒருவர் விழுந்துவிட்டார் என்பதாலேயே கடைக்காரர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தன் காலே தடுக்கி, தலை சுற்றி, வேட்டி மிதிபட்டு யாரும் எங்கும் விழலாம். நீதிமன்றம் கேட்பது வேறு. தரையில் ஆபத்து இருந்ததா? அது உங்களுக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்தபின் என்ன செய்தீர்கள்? இந்த வரிசை நம் நாட்டில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பிரிவாக எழுதி வைக்கப்படவில்லை. 1866-ல் இங்கிலாந்தில், ஒரு சர்க்கரை ஆலைக்கு கேஸ் விளக்கு வேலை பார்க்கப் போனவர் தரையில் மூடாமல் விட்டிருந்த துவாரத்தில் விழுந்த வழக்கில் சொல்லப்பட்ட கொள்கை அது. தொழில் காரியமாக வரவழைக்கப்பட்டவரை, தனக்குத் தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய அசாதாரண ஆபத்திலிருந்து காக்க இடத்தை வைத்திருப்பவர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். நம் நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் வந்திருக்கின்றன.

இதை உங்கள் கடையில் பொருத்திப் பாருங்கள். பையன் சாக்கு விரிக்காமல், எண்ணெய் ஒழுகியதே யாருக்கும் தெரியாமல், ஒழுகிய இரண்டாவது நிமிஷத்தில் அந்த அம்மா விழுந்திருந்தால், "எங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை" என்று சொல்ல கொஞ்சமாவது இடம் இருந்திருக்கும். சாக்கு அந்த இடத்தை அடைத்துவிட்டது. கடைக்கு ஆபத்து தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. தெரிந்தபின் முக்கால் மணி நேரம் அப்படியே விட்டதற்கும் அதுவே சாட்சி. போதாக்குறைக்கு, சாக்கு எண்ணெயை மறைத்தது. வழவழ டைல்ஸில் பளபளவென்று எண்ணெய் கிடந்தால் வருகிறவர் ஒதுங்கிப் போயிருப்பார். வாசலில் மிதியடியாகப் போடும் அதே சாக்கைப் பார்த்தால் அதன் மேல்தானே கால் வைப்பார்?

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சரி. ஆனால் என்ன செய்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டில் நிறுத்திக் கேட்டால் பதில் சுலபம்: டின்னை நகர்த்தி, மரத்தூளோ உமியோ கொட்டி உறிஞ்சவிட்டு, சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைக்க பத்து நிமிஷம் ஆகும். அதுவரை ஒரு ஸ்டூலைக் குறுக்கே வைத்து வழியை அடைத்திருக்கலாம். ஆபத்தைத் தவிர்க்க ஆகும் சிரமம் இவ்வளவு சிறியது என்றால், தவிர்க்காததற்கான பொறுப்பு பெரிதாகிவிடும்.

1976-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான இன்னொரு வழக்கு உங்கள் கதைக்கு ரொம்பப் பக்கம். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தரையில் சிந்திக் கிடந்த யோகர்ட்டில் ஒரு பெண்மணி வழுக்கி விழுந்தார். எப்போது சிந்தியது என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை. கடை, "நாங்கள் தினமும் பல தடவை பெருக்குகிறோம்" என்றது. சில வாரம் கழித்து அதே பெண்மணி அதே கடைக்குப் போனபோது ஆரஞ்சு பானம் சிந்திக் கிடக்க, கால் மணி நேரம் யாருமே அதைத் துடைக்கவில்லை என்றும் சாட்சி சொன்னார். தரை கடையின் கையில் இருக்கிறது, அதனால் ஒழுங்கான ஏற்பாடு இருந்தும் விபத்து நடந்தது என்று கடைதான் விளக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக் காட்டினால் காது கொடுப்பார்கள். நம் உச்ச நீதிமன்றமே 1966-ல், டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில், "நடந்த சம்பவமே கவனக்குறைவைப் பேசுகிறது, மாநகராட்சிதான் விளக்கம் தர வேண்டும், பழுது வெளியே தெரியவில்லை என்பது சாக்குப்போக்கு" என்ற தோரணையில் தீர்ப்பளித்திருக்கிறது.

வாங்காதவர் வாடிக்கையாளர் இல்லையா?

கடைக்குள் வருகிற எல்லாரும் ஏதோ ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று யாரும் கதவில் நிறுத்திக் கேட்பதில்லை. விலை விசாரிப்பவரும், கூட வந்த மாமியாரும், இடுப்பில் இருக்கும் குழந்தையும் உங்கள் வியாபாரம் நடக்கும் விதத்திலேயே சேர்த்தி. கவனம் காட்டும் கடமை அவர்கள் எல்லாருக்கும் உண்டு. ஆக, உரிமையியல் நீதிமன்றத்தில் இந்த வாதம் நிற்காது.

நுகர்வோர் ஆணையத்தில் மட்டும் இதற்கு ஓரளவு வேலை இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விலை கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுகிறவரே நுகர்வோர். அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துகிறவரும் அதில் அடக்கம். பில் போடும் முன்பே விழுந்துவிட்ட, தானாக எதையும் வாங்காத ஒருவர் நுகர்வோரா, வழுக்கும் தரை சேவைக் குறைபாடா என்று உங்கள் வக்கீல் வாதாடலாம். எதிர்த்தரப்பு, "மருமகள் மாதா மாதம் கணக்கு நோட்டில் வாங்குகிற குடும்பம், சாமான் போவது மாமியாரும் இருக்கிற வீட்டுக்கு" என்று பதில் சொல்லும். யார் ஜெயிப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: இந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும், அவர்கள் வேறு வாசலுக்குப் போவார்களே தவிர வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

போர்டு, பையன், கட்டட ஓனர்

போர்டை நம்பி எத்தனையோ கடைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று நாமே எழுதி நாமே மாட்டிக்கொள்வதால் நம் கவனக்குறைவுக்கான பொறுப்பு கழன்றுவிடாது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. டோக்கனிலேயே "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சிட்டிருந்தார்கள். தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு அந்த வாசகத்தைக் கவசமாகக் காட்ட முடியாது என்றது நீதிமன்றம். அது காரை ஒப்படைத்த வழக்கு, உங்களுடையது தரை வழக்கு என்று வித்தியாசம் இருக்கிறது. ஆனால் போர்டுக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையை நீதிமன்றம் கொடுக்காது என்பதற்கு அது போதும். உருப்படியான எச்சரிக்கை என்றால், எண்ணெய் கொட்டிய அந்த இடத்தில், அந்த நேரத்தில், "இங்கே வழுக்கும்" என்று கண்ணில் படும்படி வைப்பது.

பையன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை நேரத்தில், வேலையின் பகுதியாக ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. அந்த அம்மாவிடம் "அவனைக் கேளுங்கள்" என்று கையைக் காட்ட முடியாது. ஒழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா என்ற கேள்வியும் உங்களிடமே வரும். அப்புறம், கடிதம் முழுக்க "பையன், பையன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு வழக்கில் முப்பது வயதுக்காரரையும் கடையில் பையன் என்போம், தெரியும். ஆனால் அவன் 14 வயதுக்குக் குறைந்தவன் என்றால், எலும்பு முறிவு வழக்கை விடப் பெரிய வழக்கு ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். அப்படியானால் இன்றே ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

கட்டட ஓனரை இழுக்க முடியுமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். கூரை இடிந்தோ படி உடைந்தோ விழுந்திருந்தால் கேட்கலாம். எண்ணெய் உங்களுடையது, டைல்ஸ் ஒட்டியதும் நீங்கள். முடியாது.

கேமரா பதிவைத் தொடாதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து அப்படியே கேளுங்கள். பதிவை அழிக்கச் சொன்ன நண்பர்கள் உங்களுக்குச் சிறைக்கு வழி காட்டுகிறார்கள். நீதிமன்றத்தில் ஆதாரமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை வரவிடாமல் அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 241-ம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு உரிய தனிக் குற்றம். அதோடு, ஒரு ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாமல் மறைத்தால், அது மறைத்தவருக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். கேமரா இருக்கிற கடை என்று ஊருக்கே தெரியும்.

நீங்களாக அழிக்காவிட்டாலும் டி.வி.ஆர். (கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) இடம் நிரம்பியதும் பழையதன் மேல் புதியதைப் பதிந்துகொண்டே போகும். கேமரா பொருத்தியவரைக் கூப்பிட்டு, டின் ஒழுக ஆரம்பித்ததிலிருந்து ஆட்டோவில் ஏற்றியது வரை முழுவதையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள். பின்னால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். யார், எப்போது, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவு அழிந்துபோயிருக்கலாம் என்று நினைத்தாலும், டி.வி.ஆரை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டு கேமரா பொருத்தியவரைக் கேளுங்கள்.

அந்தப் பதிவில் உங்களுக்குச் சாதகமானதும் இருக்கலாம். அந்த அம்மா கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தாரா, மருமகள் "பார்த்து வாங்க" என்று சொல்லியும் நடந்தாரா என்பதெல்லாம் அதில் தெரியும். விழுந்தவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் அந்த விகிதத்துக்கு நஷ்ட ஈட்டைக் குறைப்பது உண்டு. மேல் ரேக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாதமாக வைக்காதீர்கள். கண்ணைப் பறிக்கும்படி மேலே அடுக்கி வைப்பதே மக்கள் அண்ணாந்து பார்க்கத்தானே?

போலீஸ் வந்தால்

எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும்படி அலட்சியமாக நடந்து கொடுங்காயம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 125(பி) பிரிவில் எப்.ஐ.ஆர். போட வாய்ப்பு உண்டு. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். சட்டப்படி ஜாமீன் உங்கள் உரிமை, காவல் நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். கூப்பிட்டால் ஓடி ஒளியாமல் போய்ப் பேசுங்கள். வழக்காகப் பதியாமல் மனு ரசீது மட்டும் போட்டிருந்தால், அந்த சி.எஸ்.ஆர். நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குற்ற வழக்கு நிற்பதற்கு, நஷ்ட ஈட்டு வழக்குக்குத் தேவைப்படுவதை விட மோசமான அலட்சியம் வேண்டும். மருத்துவர் ஒருவர் மீதான வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. ஒரு சாக்கை விரித்து ஏதோ செய்ய முயன்றது, தண்டனை என்று வரும்போது உங்களுக்குக் கொஞ்சம் உதவக்கூடும். அதற்குப் பயன்படுவது நஷ்ட ஈட்டுக்குப் பயன்படாது.

நிலையத்தில் உட்கார்ந்து "இவ்வளவு கொடு" என்று தொகை நிர்ணயிக்க போலீசாருக்கு அதிகாரம் இல்லை. அங்கே பேசி முடித்து எழுதிக் கொடுத்தாலும் அது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது.

6 லட்சம் நியாயமா?

மகன் கேட்கும் தொகையைப் பார்த்ததும் "பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீதிமன்றம் பார்க்கும் தலைப்புகள் கிட்டத்தட்ட மோட்டார் விபத்து வழக்கில் பார்ப்பவைதான்: சிகிச்சைச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, பார்த்துக்கொள்ள ஆள், போன வருமானம், வலியும் வேதனையும், நிரந்தர ஊனம் இருந்தால் இனி குறையப்போகும் வருமானம்.

நீங்கள் எழுதியபடி ஃபேக்டரியில் நாளுக்கு 450 ரூபாய். சீசன் 70 நாள் என்று வைத்தால் 31,500. சீசன் முடிந்த பிறகும் களையெடுக்கக் குனிய முடியாத மாதங்கள் இருக்கின்றன. மருமகளும் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கிறார், அதுவும் கணக்கில் வரும். சிகிச்சைச் செலவில் முதல்வர் காப்பீட்டு அட்டையில் போனது எவ்வளவு, கையிலிருந்து போனது எவ்வளவு என்று பில்லைப் பார்த்தால்தான் தெரியும். பில் நகல் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கேட்காமல் தொகை பேசுவதுதான் இரண்டு பக்கமும் மனக்கசப்பை வளர்க்கிறது.

பெரிய தொகை வருவது கடைசித் தலைப்பில். மருத்துவக் குழு கொடுக்கும் ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அந்த ஊனம் அவர் செய்கிற வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடது கையை இழந்தால் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகும். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பில் வரும் உதாரணம். நாள் முழுக்க நின்று மாங்காய் தரம் பிரிப்பவருக்கு, குத்தவைத்துக் களை பிடுங்குகிறவருக்குத் தொடை எலும்பு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கால் நேராகக் கூடிவிட்டால் 6 லட்சம் அதிகம். குட்டையாகிவிட்டால் அதிகம் இல்லை. எலும்பு கூடும் முன் யாராலும் இதைச் சொல்ல முடியாது. எனவே இப்போதே மொத்தமாக ஒரு தொகை பேசி முடிப்பது உங்கள் இருவருக்குமே சூதாட்டம். நான் சொல்வது: இப்போதைக்குச் சிகிச்சைச் செலவையும் மாத வருமானத்தையும் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்து வாருங்கள். ஊனம் இருக்கிறதா என்று தெரிந்தபின் மீதியைப் பேசுங்கள்.

நீங்கள் கட்டிய 25,000 ரூபாய் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அடிபட்டவரைத் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்காக எந்த நீதிமன்றமும் உங்களைத் தண்டிக்காது. நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். எதை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். இனி பணம் கொடுக்கும்போது வங்கி வழியாகக் கொடுங்கள். சமரசப் பேச்சுக்காக எழுதும் கடிதத்தில் "என் சட்ட உரிமைகளுக்குக் குந்தகமின்றி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போய் முடிப்பது?

அந்தச் செல்வாக்குள்ளவரின் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் நாளைக்கு 10 லட்சம் கடன் வாங்கியதாக எழுதினாலும், இல்லை என்று நிரூபிக்க நீங்கள் வருஷக் கணக்கில் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். 4 லட்சத்தில் எவ்வளவு அந்த அம்மா கைக்குப் போகும் என்பதும் சந்தேகமே. பணம் நடுவில் நின்றுவிட்டால் வழக்கு உங்கள் மேல் அப்படியே இருக்கும்.

கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்கே போடாத நிலையிலும் இரு தரப்பையும் கூப்பிட்டு வைத்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்க வழி செய்வார்கள். அங்கே ஆகும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. நாளை அவர்களும் மறுபடி கேட்க முடியாது, நீங்களும் பின்வாங்க முடியாது. இதைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன்.

ஏழைக் குடும்பம், எத்தனை நாள் வழக்கு நடத்துவார்கள் என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. தப்புக் கணக்கும் கூட. பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமான வரம்பு பார்க்காமல், அந்த அம்மாவுக்கு அதே ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணுக்கு ஒரு போன் போதும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் வக்கீல்கூடக் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் புகார் போடலாம். உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு.

நுகர்வோர் ஆணையத்திலிருந்து உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் மனது வைத்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. "வக்கீல் ஊரில் இல்லை", "வீட்டில் துக்கம்" எதுவும் எடுபடாது. உரிமையியல் நீதிமன்றத்துப் பழக்கத்தில் வாய்தா கிடைக்கும் என்று இருந்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போனவர்கள் நிறையப் பேர்.

இன்ஷூரன்ஸ் தாளை எடுங்கள்

கடைக்குக் கடன் கொடுத்த வங்கி பாலிசி ஒன்று போட வைத்ததாகவும், "அது தீ விபத்துக்குத்தான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தீர்களா? கடைக்காரர்களுக்கான பாலிசிகள் பல பிரிவுகளாக வரும். தீ, திருட்டு, கல்லாப் பணம் என்று போகும் பட்டியலில் "பொதுப் பொறுப்பு" என்ற ஒரு பிரிவும் பல பாலிசிகளில் இருக்கும். உங்கள் இடத்தில் மூன்றாம் நபருக்குக் காயம் பட்டு நீங்கள் நஷ்ட ஈடு தர வேண்டி வந்தால், வரம்புக்குள் நிறுவனம் தரும். அந்தப் பிரிவுக்கு பிரீமியம் கட்டியிருக்கிறீர்களா என்று அட்டவணையில் பாருங்கள். ஆபத்தான ரசாயனம் கையாள்பவர்களுக்கு 1991-ம் ஆண்டுச் சட்டப்படி இப்படியொரு காப்பீடு கட்டாயம். மளிகைக் கடைக்குக் கட்டாயம் இல்லை, அதனால்தான் பெரும்பாலானோர் அந்தப் பிரிவை விட்டுவிடுகிறார்கள்.

இருந்தால், நாளைக்கே எழுத்து மூலம் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தாமதத்தைக் காரணம் காட்டி நிறுவனம் மறுக்கப் பார்க்கும். இந்த வகைப் பாலிசியில் வழக்கமான நிபந்தனை, நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ தொகை பேசி முடிக்கவோ கூடாது என்பது. மேலே சொன்ன மாதாந்திரப் பணம், மக்கள் நீதிமன்றம் எதுவானாலும் முதலில் அவர்களுக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். போய்ப் பாருங்கள். மகன் கோபத்தில் இருக்கிறார் என்பதால் மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வீட்டுப் பெண் யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கும்பலாகக் கூட்டிப் போகாதீர்கள், மிரட்ட வந்ததாகத் தெரியும். தொகை பேசாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "உங்களுக்கு இப்படி ஆனதில் வருத்தம், சட்டப்படி என்ன செய்யணுமோ செய்வேன்" என்று சொன்னால் போதும். இதனால் உங்கள் வழக்கு கெட்டுப்போகாது. இந்த மாதிரி வழக்குகளில் பாதி, விழுந்த பிறகு கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்ற ஆத்திரத்தில் போடப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு ஃபைல் போட்டு ஆஸ்பத்திரி ரசீது, பென் டிரைவ், பாலிசி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். அரசு மருத்துவமனையில் பதிவான ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) "எண்ணெயில் வழுக்கி விழுந்தார்" என்று இருக்கிறதா, வேறு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று உங்கள் வக்கீலை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வக்கீல் நோட்டீசோ ஆணையத்து நோட்டீசோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள், வந்த உறையையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்பதற்கு அந்த முத்திரைதான் கணக்கு.